பேரம் பேசும் வாயும் விலை சொல்லும் பலகையும்

ஆங்கிலம் பயிற்றும் சிறு நூல்களில் கடைத்தெருவுக்கென்று ஒரு பாடம் தவறாமல் இடம்பெற்றிருக்கும். 'ஹவ் மச் இஸ் திஸ்?' என்று விலை கேட்டு, 'இட் இஸ் டூ எக்ஸ்பென்சிவ்' என்று குறைப்பட்டு, 'கேன் யூ கிவ் மீ எ டிஸ்கவுண்ட்?' என்று வேண்டி முடிகிற அந்தப் பாடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு லண்டனுக்குப் போகிற ஒருவர், அங்கே பெரிய பலசரக்கு அங்காடி ஒன்றில் கல்லாவுக்கு முன்னே நின்று மூன்றாவது வாக்கியத்தைப் பிரயோகிப்பாரானால், எதிரே உட்கார்ந்திருக்கும் சிப்பந்தி கோபிக்கவும் மாட்டார், விலையைக் குறைக்கவும் மாட்டார். என்ன கேட்கப்படுகிறது என்பதே புரியாமல் சிறிது நேரம் விழிப்பார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர்ப்புறத்து மைதானமொன்றில் மோட்டார் வண்டிகளின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழைய சாமான்களை விற்கும் 'கார் பூட் சேல்' என்னும் சந்தைக்குப் போய், சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருவாரானால், விற்றவரே உள்ளூர வியந்துகொள்வார். இரண்டிடத்திலும் அவருடைய இலக்கணத்தில் பிழை ஏதுமில்லை. பேச வேண்டிய இடம் எது, வாசிக்க வேண்டிய இடம் எது என்னும் விவேகத்தை மட்டும் அந்த நூல் அவருக்கு அளிக்கவில்லை.

ஆங்கிலம் வழங்கும் தேசங்களில் பேரத்துக்குரிய மொழி வேறு, தள்ளுபடிக்குரிய மொழி வேறு. பேரத்தின் மொழி வாங்குபவர் வாயிலிருந்து புறப்படுவது; தள்ளுபடியின் மொழி விற்பவர் பலகையில் எழுதி வைப்பது. விலை குறைவது என்னும் காரியம் ஒன்றேயாயினும் அதற்கு இவ்வாறு இரண்டு பாஷைகள் ஏற்பட்டதற்கு, அந்த மக்களின் சுபாவத்தையே காரணமாகச் சொல்லிவிடுவது பலருடைய வழக்கம். பேரம் பேசுவது கீழ்த்திசையாரின் குணமென்றும், குறித்த விலையைக் கொடுத்துவிட்டுப் போவது மேல்திசையாரின் குணமென்றும் கொள்ளப்படும் இந்த அபிப்பிராயம் சரித்திரத்தின் முன்னே நிற்பதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயரும் நம்மைப் போலவே ஒவ்வொரு கெஜத் துணிக்கும் வாதாடியவர்களே. சமயமும் வியாபாரமும் சட்டமும் சேர்ந்து அந்தப் பேச்சைக் கடையினின்றும் எவ்வாறு வெளியேற்றின, வெளியேற்றப்பட்ட பேச்சு எங்கெங்கே போய்த் தங்கியது, அது இருந்த இடத்தில் எழுத்து எவ்வாறு வந்து அமர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

ஒரே விலையின் தோற்றம்

பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், கடைக்காரர் ஒரு விலை கூறுவதும், வந்தவர் அதில் பாதியைக் கேட்பதும், இருவரும் ஆணையிட்டும் மறுத்தும் எழுந்தும் அமர்ந்தும் கடைசியில் இடையிலுள்ள ஒரு தொகையில் வந்து இசைவதுமே சாதாரண வழக்கமாக இருந்தது. இந்த வழக்கத்தை ஒரு பாவமாகக் கண்டவர்கள் குவேக்கர்கள் என்னும் சமயப் பிரிவினர். அவர்களுடைய ஸ்தாபகரான ஜார்ஜ் ஃபாக்ஸ், 1658-ஆம் ஆண்டில் லண்டன் வியாபாரிகளுக்கு எச்சரிக்கையாக ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். தான் வாங்கிக்கொள்ள இருக்கும் தொகைக்கு மேலாக ஒரு தொகையைக் கேட்பவன் பொய் சொல்கிறான் என்பதும், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசும்படி ஏசு போதித்திருக்க, வாய்க்கு வாய் விலையை மாற்றுவது அந்தப் போதனையை மீறுவதாகும் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். ஆரம்பத்தில் இந்தக் கொள்கையால் குவேக்கர்களின் கடைகளில் ஜனங்கள் நுழையாதிருந்தனர் என்றும், ஒரு சிறு குழந்தையை அனுப்பினாலும் பெரியவர் போய் வாங்கும் விலைக்கே சரக்குக் கிடைக்கிறது என்று கண்டபின் அவர்களையே தேடி வரலாயினர் என்றும் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குழந்தையைப் பற்றிய இந்தக் குறிப்பு மிகவும் கவனிக்கத்தக்கது. பேரத்தில் வலியவர் குறைவாகவும் எளியவர் அதிகமாகவும் கொடுக்கிறார்கள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஒரே விலை என்பது எளியவருக்குச் செய்யப்படும் நியாயம் என்பதையும் உணர்த்துகிறது.

ஆயினும் நல்லெண்ணம் ஒன்றினாலேயே ஒரு தேசத்தின் வழக்கம் மாறிவிடுவதில்லை. 'ராபின்சன் குரூசோ'வை எழுதிய டேனியல் டிஃபோ, 1726-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த 'தி கம்ப்ளீட் இங்கிலிஷ் டிரேட்ஸ்மன்' என்னும் நூலில், குவேக்கர்களுங்கூட வியாபாரத்தின் நிர்ப்பந்தத்தால் நாளடைவில் கூட்டிச் சொல்லிக் குறைத்துக் கொடுக்கும் பொது வழிக்கே திரும்பிவிட்டார்கள் என்று பரிகாசத்துடன் குறிப்பிடுகிறார். வாங்கும் எண்ணமே இல்லாமல் மணிக்கணக்காகத் துணிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடத்தும் முகங்கோணாமல் இருக்க வேண்டிய கடைக்காரர் இரத்தமும் சதையும் அற்றவராக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

பேரம் நிலவிய அக்கடைகளில் பண்டத்தின்மேல் எதுவுமே எழுதப்படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து இருந்தது, வாங்குபவருக்கு விளங்காத எழுத்தாக இருந்தது. எந்த எழுத்தும் இரண்டாம் முறை வாராத பத்தெழுத்துச் சொல் அல்லது சொற்றொடர் ஒன்றைக் கடைக்காரர் தமக்குள் தேர்ந்துகொண்டு, அதன் எழுத்துக்களுக்கு ஒன்று முதல் பூஜ்யம் வரை முறையே எண்களைக் கற்பித்துக்கொள்வார். 'பிளாக் ஹார்ஸ்' என்னும் தொடரை ஆங்கில எழுத்துக்களில் எழுதினால் இந்த நிபந்தனைக்குச் சரியாகப் பொருந்தும்: பி ஒன்று, எல் இரண்டு, ஏ மூன்று, சி நான்கு, கே ஐந்து, எச் ஆறு, ஓ ஏழு, ஆர் எட்டு, எஸ் ஒன்பது, இ பூஜ்யம். துணியின் ஓரத்தில் 'எல் கே' என்று குறித்திருந்தால் அது கடைக்காரருக்கு 25 ஷில்லிங்கில் வந்தது என்று அர்த்தம். வந்தவர் 24-க்குக் கேட்டால் சிப்பந்தி மறுத்துத் தலையசைப்பார், 30-க்குக் கேட்டால் மிகவும் வருந்துபவர்போல் இசைவார். பழம்பொருள் விற்பவர்களிடையே இத்தகைய சங்கேதங்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. கடையினுள்ளே அறிவு முழுவதும் ஒரு பக்கத்திலும் ஊகம் முழுவதும் மறுபக்கத்திலும் இருந்த நிலையை இந்தச் சிறு குறியைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது வேறொன்றில்லை.

பெருங்கடைகளின் காலம்

குவேக்கர்களின் தர்மோபதேசத்தால் முற்றும் முடியாத காரியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருங்கடைகள் தம் சொந்த லாபத்தின் பொருட்டுச் செய்து முடித்தன. அயர்லாந்திலிருந்து குடியேறிய அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட் என்பவர் நியூயார்க்கில் 1846-ஆம் ஆண்டில் திறந்த சலவைக்கல் மாளிகையிலும், அரிஸ்டீட் பூசிக்கோ 1852 முதல் பாரிஸ் நகரத்தில் வளர்த்த போன் மார்ஷே அங்காடியிலும், குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ரோலண்ட் மேசி 1858-இல் நியூயார்க்கில் தொடங்கிய கடையிலும், ஜான் வானமேக்கர் 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் பழைய ரயில்வே சரக்குக் கிடங்கு ஒன்றை வாங்கி அமைத்த மாபெரும் விற்பனைச் சாலையிலும், பண்டத்தோடு அதன் விலை வெளிப்படையாகக் கட்டித் தொங்கவிடப்பட்டது.

இதற்குரிய காரணங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாளி தாமே முன்னின்று விற்ற சிறு கடையில், எவரிடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவரே நிர்ணயித்தார். நூற்றுக்கணக்கான சிப்பந்திகள் சொற்ப சம்பளத்துக்கு வேலை செய்யும் மாளிகையில், அந்த அதிகாரத்தை ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்தால் முதலாளியின் லாபம் அவர்களுடைய தாட்சணியத்திலும் நேர்மையிலும் சாமர்த்தியத்திலும் போய்த் தங்கிவிடும். மேலும், அரை மணி நேரம் வாதாடி ஒரு பட்டுத்துணியை அதிக லாபத்துக்கு விற்பதைவிட, அந்த அரை மணியில் பத்துப் பேருக்குக் குறைந்த லாபத்தில் விற்பதே பெருங்கடைக்கு அநுகூலமாக இருந்தது. கடனுக்குக் கொடுத்த காலத்தில் ஆளைப் பார்த்து விலை சொல்வது அவசியமாயிற்று. ரொக்கத்துக்கு விற்கும் காலத்தில் ஆள் யாரென்று அறிய வேண்டிய தேவையே போய்விட்டது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உள்ளே வந்து உலாவலாம் என்று கதவைத் திறந்துவைத்தபின், ஒவ்வொருவரிடத்திலும் வந்து விலையைக் கிசுகிசுப்பது சாத்தியமாகவும் இல்லை. ஆகவே விலையட்டை நேர்மையின் சின்னமாக விளம்பரம் பெற்றதாயினும், உண்மையில் அது சிப்பந்தியின் வாயைக் கட்டிய ஏற்பாடே. அவர் வாய் கட்டப்பட்டவுடன் வாங்குபவரின் வாயும் தானாகவே கட்டுண்டது. குறைக்கும் அதிகாரம் இல்லாதவரிடத்தில் குறைக்கும்படி கேட்பது வீண் என்பதை இரண்டு தலைமுறைக்குள் ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். மூன்றாம் தலைமுறைக்கு அது மரியாதைக் குறைவாகவே தோன்றலாயிற்று.

பிரிட்டனில் இந்தக் கட்டு இன்னும் இறுகியது. பல பண்டங்களின் சில்லறை விலையை உற்பத்தியாளரே நிர்ணயித்து, அதற்குக் கீழே விற்கும் கடைக்குச் சரக்கை நிறுத்திவிடும் முறை அங்கே நெடுங்காலம் நிலவியது. 1964-ஆம் ஆண்டில் எட்வர்டு ஹீத் கொண்டுவந்த மறுவிற்பனை விலைச் சட்டம் அந்த முறையைப் பெரும்பாலும் ஒழித்தது. ஆயினும் 1900 முதல் நடப்பிலிருந்த புத்தக விலை ஒப்பந்தம் மட்டும் 1990-களின் நடுப்பகுதி வரை உயிரோடிருந்தது. கடைக்காரரே விரும்பினாலும் குறைக்க முடியாத பண்டத்துக்குப் பேரம் பேசும் பழக்கம் எங்ஙனம் வளரும்?

எஞ்சி நின்ற பேச்சு

கடையை விட்டு வெளியேறிய பேரம் அழிந்துபோகவில்லை. பொருளின் சொந்தக்காரரே எதிரில் நின்று விற்கும் இடங்களில் அது குடிபுகுந்தது: பிரிட்டனில் கார் பூட் சந்தைகள், பழம்பொருள் கடைகள், அமெரிக்காவில் வீட்டு முற்றத்தில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் 'யார்டு சேல்', 'ஃப்ளீ மார்க்கெட்' எனப்படும் பழஞ்சந்தை, இரு தேசங்களிலும் மோட்டார் வண்டியும் வீடும் விற்கும் இடங்கள். இவ்விடங்களில் வழங்கும் சம்பாஷணையின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு பழைய பித்தளை மேஜை விளக்கு கார் பூட் சந்தையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

'இட்ஸ் லவ்லி. ஹவ் மச் ஆர் யூ ஆஸ்கிங் ஃபார் இட்?' என்று வாங்குபவர் கேட்கிறார். 'தர்ட்டி' என்கிறார் விற்பவர். 'இட்ஸ் எ பிட் மோர் தேன் ஐ வாஸ் ஹோப்பிங் டு ஸ்பெண்ட். வுட் யூ டேக் ட்வென்ட்டி?' 'ஐ குட் டூ ட்வென்ட்டி ஃபைவ்.' 'கால் இட் ட்வென்ட்டி டூ?' 'கோ ஆன், தென்.'

முப்பது பவுண்டில் தொடங்கிய விளக்கு இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. இந்த ஆறு வாய்மொழிகளிலும் பண்டத்தைப் பற்றிய நிந்தனை ஒன்றேனும் இல்லை என்பது முதலில் கருதத்தக்கது; மாறாக, பாராட்டோடுதான் பேச்சே ஆரம்பமாகிறது. இரண்டாவதாக, விலை என்ன என்று கேட்காமல், நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்கள் என்று கேட்பதனால், அந்தத் தொகை முடிந்த முடிவன்று, விற்பவரின் விருப்பம் மாத்திரமே என்பது சொல்லாமலே நிலைநாட்டப்படுகிறது. மூன்றாவதாக, விலை அதிகம் என்று குற்றஞ் சாட்டாமல், நான் செலவிட நினைத்திருந்ததற்குச் சற்று மேலே போகிறது என்று வாங்குபவர் தம் பையின்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். நான்காவதாக, 'வுட்', 'குட்' என்னும் ஐயப்பாட்டு வினைகளால், மறுப்பவருக்கும் மறுக்கப்படுபவருக்கும் கௌரவக் குறைவு நேராதபடி பேச்சு காக்கப்படுகிறது. தொகையை மட்டும் மழுப்பாமல் திட்டமாகச் சொல்லுகிறார்கள். கேட்ட தொகைக்கு விற்பவர் இசைந்துவிட்டால் வாங்காமல் போவது அநாகரிகம் என்பது இரு சாராரும் அறிந்த எழுதாச் சட்டம். பாடநூல் கற்பித்த 'டூ எக்ஸ்பென்சிவ்' என்னும் பிரயோகம் இந்தச் சூழ்நிலையில் ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது விளங்கும். அது விற்பவரின் நேர்மையைத் தீண்டுகிறது. தீண்டப்பட்டவர் தம் விலையைத் தாழ்த்துவதைவிடத் தற்காத்துக்கொள்ளவே முற்படுவார்.

இத்தகைய பேச்சு நடையை மொழியியலில் வகைப்படுத்தி விளக்கியவர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் ஆவர். மரியாதையைப் பற்றி அவர்கள் 1978-இல் வெளியிட்டு 1987-இல் தனி நூலாக்கிய ஆராய்ச்சி, மெக்சிகோவில் வழங்கும் ட்ஸெல்டால் என்னும் மாயா மொழி, ஆங்கிலம், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வழங்கிய தமிழ் ஆகிய மூன்றையும் ஆதாரமாகக் கொண்டது. எதிராளியின் சுதந்தரத்தில் தலையிடுவதற்கு மன்னிப்புக் கோருவதுபோல் நடத்தும் பேச்சு ஒருவகை. அவரைத் தம்மைச் சேர்ந்தவராகவே பாவித்து உரிமையோடு நடத்தும் பேச்சு மற்றொருவகை என்பது அவர்கள் காட்டிய முக்கியமான பாகுபாடு. 'என்ன அண்ணாச்சி, நமக்கே இந்த விலையா?' என்று உறவு கொண்டாடிக் கேட்கும் நம் கடைவீதிப் பேரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேலே கண்ட ஆங்கிலப் பேரம் முதல் வகையைச் சேர்ந்தது. ஆகையால் நம்முடைய உரிமைப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கினால் அது அதட்டலாகவே காதில் விழும்.

இந்த நடையில் அடங்கிய உபாயங்கள் பல. இரண்டு பொருளைச் சேர்த்து எடுத்தால் என்ன விலை என்பதற்கு 'வாட் இஃப் ஐ டேக் போத்?' என்பார்கள், கீறல் இருப்பதால் சற்றுக் குறைக்கலாமா என்பதற்கு 'குட் யூ டேக் சம்திங் ஆஃப் ஃபார் தி ஸ்க்ராட்ச்?' என்பார்கள், விலை அசையாவிட்டால், கூட ஒரு சிறு பொருளைச் சேர்த்துத் தரும்படி 'குட் யூ த்ரோ இன் தி ஷேடு?' என்று விளக்கின் மூடியைச் சுட்டிக் கேட்பார்கள். இருவரும் தொங்கி நிற்கும்போது 'ஷல் வீ ஸ்ப்ளிட் தி டிஃபரன்ஸ்?' என்று வித்தியாசத்தைப் பாதியாகப் பங்கிடுவார்கள். வாயைத் திறப்பதற்கு முன்பே பேரத்துக்கு இடமுண்டா என்று அறிவிக்கும் குறிகளும் உண்டு. விற்பனை விளம்பரங்களில் விலைக்குப் பின்னே பிரிட்டனில் 'ஓ.என்.ஓ.' என்றும் அமெரிக்காவில் 'ஓ.பி.ஓ.' என்றும் கண்டால், அதற்குக் கிட்டிய தொகைக்கும் இசைவார் என்பது பொருள். 'ஃபர்ம்' என்றிருந்தால் பேசிப் பயனில்லை.

நிலைத்த விலைக் கடைகளிலுங்கூட ஓரிரு வாயில்கள் திறந்தே இருக்கின்றன. காட்சிக்கு வைத்திருந்த பொருள், உறை கிழிந்த பொருள், அந்த வகையில் கடைசியாக எஞ்சிய பொருள் ஆகியவற்றுக்கு மேலாளரை அழைத்து 'இஸ் தேர் எனிதிங் யூ கேன் டூ ஆன் தி ப்ரைஸ்?' என்று வினவுவது முறையே. வேறு கடையில் குறைந்த விலை கண்டவர் 'டூ யூ ப்ரைஸ் மேட்ச்?' என்று கேட்கலாம். இவ்விரண்டும் பலிப்பதற்குக் காரணம், கேட்கப்படுகிறவரிடத்தில் அதிகாரமோ, அவருக்கு அதிகாரம் அளிக்கும் விதியோ இருப்பதுதான்.

பலகையின் பாஷை

வாங்குபவர் பேச்சை இழந்தபின், விலையைக் குறைக்கும் காரியத்தை விற்பவரே தன்னந்தனியாக எழுத்தில் நடத்தத் தொடங்கினார். இதன் மிகத் தூய வடிவத்தை பாஸ்டன் நகரத்து ஃபைலீன் கடையின் நிலவறையில் காண முடிந்தது. எட்வர்டு ஃபைலீன் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அங்கே ஏற்படுத்திய முறைப்படி, ஒவ்வொரு பொருளின் அட்டையிலும் அது விற்பனைக்கு வந்த தேதி எழுதப்பட்டிருக்கும். 12 விற்பனை நாட்கள் கழிந்தால் 25 சதவிகிதமும், 18 நாட்கள் கழிந்தால் 50 சதவிகிதமும், 24 நாட்கள் கழிந்தால் 75 சதவிகிதமும் விலை தானே இறங்கும். 30 நாட்களாகியும் விலைபோகாதது தர்மத்துக்குப் போய்விடும். தான் விரும்பிய மேலங்கியை இன்று முழு விலைக்கு எடுப்பதா, வேறொருவர் கொண்டுபோய்விடும் அபாயத்தை ஏற்று இன்னும் ஆறு நாள் காத்திருப்பதா என்று அங்கே நின்ற பெண்மணி செய்த ஆலோசனை, ஒரு சொல்லும் பேசாமல் நடந்த முழுமையான பேரமே ஆகும். விற்பவர் படிப்படியாக இறங்குகிறார். வாங்குபவர் மௌனத்தினாலேயே மறுக்கிறார்.

வியாபாரம் மந்தமான ஜனவரி மாதத்தில் பிரிட்டிஷ் கடைகள் நடத்தும் விற்பனை, கல்யாணமில்லாத ஆடி மாதத்தில் நம்மூர் ஜவுளிக்கடைகள் நடத்தும் தள்ளுபடியைப் போன்றதே. சீட்டைக் கத்தரித்துக் கொண்டுவருபவருக்கு விலையைக் குறைக்கும் 'கூப்பன்' முறையோ இதனினும் நுட்பமானது. சீட்டைத் தேடிக் கத்தரித்துச் சேர்த்துவைக்கும் சிரமத்தை மேற்கொள்பவர் காசின் அருமையை அதிகமாக உணர்பவராகவும், அதைப் பொருட்படுத்தாதவர் முழு விலை கொடுக்கச் சித்தமானவராகவும் இருப்பது இயல்பு. ஒரே பண்டத்துக்கு ஆளுக்கொரு விலை வாங்குவதை ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட 'தி எகனாமிக்ஸ் ஆஃப் வெல்ஃபேர்' என்னும் பொருளாதார நூலில் முறைப்படி வகுத்துக் காட்டினார். ஆளைப் பார்த்து விலை சொன்ன பழைய கடைக்காரர் எதை முகக்குறியினால் ஊகித்தாரோ, அதைச் சீட்டு இப்போது வாங்குபவரைக்கொண்டே வெளிப்படுத்திவிடுகிறது.

பலகையை வாசிப்பதற்குப் பயிற்சி வேண்டும். 'அப் டு 50 பர்சென்ட் ஆஃப்' என்னும் தொடரில் பெரிய எழுத்தில் இருப்பது எண். கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருப்பது 'அப் டு'. ஒரு பொருளுக்குப் பாதி விலை குறைந்து, மற்றவற்றுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கே குறைந்திருந்தாலும் அந்தப் பலகை பொய் சொல்லவில்லை என்றே வாதிக்கலாம். 'ஆன் சேல்' என்பதை அமெரிக்கர் விலை குறைந்தது என்னும் கருத்தில் வழங்குவர். ஆங்கிலேயருக்கு அது விற்பனைக்கு உள்ளது என்ற அளவே, விலை குறைந்ததை அவர்கள் 'இன் தி சேல்', 'ஆன் ஆஃபர்' என்பார்கள். நாள் கடக்கும் தறுவாயிலுள்ள உணவின்மேல் பிரிட்டிஷ் அங்காடிகள் மாலையில் ஒட்டும் 'ரெட்யூஸ்டு டு க்ளியர்' என்னும் சீட்டு மெய்யான குறைவு. 'ஆஸ் இஸ்' என்றிருப்பது இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை. விளம்பரப்படுத்திய பண்டம் தீர்ந்துபோனால் அமெரிக்க அங்காடியில் 'ரெயின் செக்' கேட்டுப் பெற்று, சரக்கு வந்தபின் அதே குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அடித்துக் காட்டப்பட்ட பழைய விலை உண்மையிலேயே ஒரு காலத்தில் கேட்கப்பட்ட விலைதானா என்னும் ஐயம் அரசாங்கங்களுக்கும் எழுந்தது. பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டு வணிக விவரணச் சட்டம், முந்திய ஆறு மாதத்துக்குள் தொடர்ச்சியாக 28 நாட்கள் அந்த விலைக்குப் பண்டம் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் அளவுகோலை வகுத்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1964-இல் இதே விஷயத்தைப் பற்றி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. டிஃபோவின் காலத்துக் கடைக்காரர் வாயால் சொன்ன கூடுதல் விலையைக் கட்டுப்படுத்த எந்தச் சட்டமும் முனையவில்லை. அதுவே பலகையில் ஏறியபோது சட்டத்தின் கண்ணில் பட்டது.

சட்டம் மறவாத பேரம்

பேரத்தை வழக்கம் மறந்துவிட்டதாயினும் ஆங்கிலச் சட்டம் மறக்கவில்லை என்பது சுவையான செய்தி. சுயசேவைக் கடையில் தட்டிலிருந்து மருந்தை எடுத்துக் கூடையில் போட்டவுடனே விற்பனை முடிந்துவிடுகிறதா என்னும் கேள்வி பூட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் எழுந்து, 1953-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்தது: விலையோடு வைத்திருப்பது வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பே, விலையைக் கொடுக்க முன்வருபவர் வாங்குபவர், ஏற்பதோ மறுப்பதோ கல்லாவில் நடப்பது. 1960-இல் ஃபிஷர் எதிர் பெல் என்னும் வழக்கில், பிரிஸ்டல் கடையொன்றின் ஜன்னலில் விலைச்சீட்டோடு இருந்த மடக்குக் கத்தியைக் குறித்தும் இதே தத்துவம் நிலைநாட்டப்பட்டது. ஆகவே, பலசரக்கு அங்காடியில் பேசாமல் காசை நீட்டுகிறவரும் சட்டத்தின் நோக்கில் ஒரு தொகையைக் கூறிப் பேரத்தைத் தொடங்குகிறவரே; சொல்ல வேண்டிய இரண்டு வாய்மொழிகளும் கல்லாவின் ஓசையில் அடங்கிவிட்டன.

யாருக்கு லாபம்?

ஃபாக்ஸ் குறிப்பிட்ட குழந்தையின் நியாயம் இன்றும் பொருந்துமா என்பதற்கு அமெரிக்க மோட்டார் வண்டி வியாபாரம் சாட்சியம் அளிக்கிறது. செனட்டர் மைக் மன்ரோனியின் முயற்சியால் 1958-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் உற்பத்தியாளர் குறித்த விலை ஒட்டப்படுகிறது. எனினும் அந்தச் சீட்டு பேரத்துக்கு ஆரம்பமாயிற்றேயன்றி முடிவாகவில்லை. இயன் அயர்ஸ் என்னும் சட்டப் பேராசிரியர், சிகாகோ வட்டாரத்தில் ஒரே பேரப் பேச்சைப் பயின்ற சோதனையாளர்களை வண்டிக் கடைகளுக்கு அனுப்பி, அதன் முடிவுகளை 1991-இல் வெளியிட்டார். சொற்கள் ஒன்றாகவே இருந்தும், வெள்ளை ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலையே குறைவாக இருந்தது. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிக விலை சொல்லப்பட்டது. பேரத்தில் மொழித் திறமை ஒரு பங்கு மாத்திரமே. அது எவருடைய வாயிலிருந்து வருகிறது என்பதையும் விற்பவர் விலையில் சேர்த்துவிடுகிறார்.

அப்படியானால் பேரத்தையும் தள்ளுபடியையும் அடியோடு நீக்கி, என்றும் ஒரே நியாய விலை என்று வைத்துவிட்டால் ஜனங்கள் மகிழ்வார்களா? ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடை நிறுவனம் இந்தப் பரீட்சையைச் செய்து பார்த்தது. ஆப்பிள் நிறுவனத்தின் விற்பனைக் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் அதன் தலைமையை ஏற்று, 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் ஒழித்து, எந்நாளும் குறைந்த விலை என்னும் திட்டத்தைப் புகுத்தினார். கணக்குப்படி பார்த்தால் வாங்குபவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எப்படியும் தள்ளுபடி கழித்தே கொடுத்து வந்த விலைக்கு அண்மையில்தான் புதிய விலைகள் இருந்தன. ஆயினும் அந்த ஓராண்டில் விற்பனை ஏறத்தாழ 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலராக வீழ்ந்தது; 2013 ஏப்ரலில் ஜான்சன் விலக்கப்பட்டார்; கூப்பன்கள் திரும்பி வந்தன. விலை எவ்வளவு என்பது மட்டுமன்றி, அந்த விலையைத் தம் முயற்சியால் பெற்றோம் என்னும் திருப்தியும் வாங்குபவருக்கு வேண்டியிருக்கிறது. சீட்டைக் கத்தரித்தவர் பேசாமலே பேரம் பேசியவர். அந்தச் சீட்டை அவர் கையிலிருந்து பறித்தது இரண்டாம் முறையாக அவர் வாயை அடைத்ததாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலக் கடைமொழியைக் கற்க விரும்புகிறவர் வாக்கியங்களை நெட்டுருப் போடுவதற்கு முன்னே விடை காண வேண்டிய வினா ஒன்றே என்பது பெறப்படும்: எதிரே இருப்பவருக்கு இந்த விலையைக் குறைக்கும் அதிகாரம் உண்டா? உண்டென்றால் அங்கே கேட்பது முறை. பண்டத்தைப் பழிக்காமல், தொகையைத் திட்டமாகச் சொல்லி, மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அங்கே வாசிப்பது முறை. பெரிய எழுத்தை விட்டுச் சிறிய எழுத்தைப் பார்த்து, எந்தப் பொருளுக்கு, எந்த நாள் வரை, எந்த நிபந்தனையோடு குறைகிறது என்று தேர வேண்டும். ஐயம் இருந்தால் 'டஸ் தி டிஸ்கவுண்ட் அப்ளை டு திஸ்?' என்று கேட்டுத் தெளியலாம். இந்தக் கேள்வி சிப்பந்தியைக் கருணை காட்டும்படி வேண்டாமல், பலகையின் கருத்தை விளக்கும்படி மட்டுமே வேண்டுவதால், அவரும் மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.

பாடநூல் எழுதுவோர் விலை கேட்டல், குறை கூறல், தள்ளுபடி வேண்டல் என்னும் வரிசையில் வாக்கியங்களை அடுக்குவதை விடுத்து, சொந்தக்காரர் விற்கும் இடம், சிப்பந்தி விற்கும் இடம், மேலாளரை அழைக்கக்கூடிய இடம் என்று அதிகாரத்தின் அடிப்படையில் பாடத்தைப் பிரித்துக் கொடுப்பார்களாயின், கற்பவர் கடையில் விழிக்கவும் வேண்டியதில்லை, சந்தையில் ஏமாறவும் வேண்டியதில்லை. மொழியறிவு எவ்வளவு சிறந்ததாயினும், விலையை இறக்குவது சொல்லன்று, சொல்லைக் கேட்பவரின் அதிகாரமே என்பதுதான் இந்த முந்நூறாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.